வாக்குப்பெட்டிக்கு முன்னே

தேர்தல் என்றதும் நம் கண்முன் வருவது எது? வாக்குப்பெட்டி, விரலில் மை, எண்ணிக்கை, வெற்றி மாலை! பள்ளியில் என்றால் துண்டுக் காகிதத்தில் ஒரு பெயர். கரும்பலகையில் நான்கு நான்காகப் போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே வெட்டும் கோடுகள். யாருக்கு எத்தனை என்று எண்ணி முடித்துவிட்டால் தேர்தல் முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால், அந்தக் காகிதத்தில் எழுதுவதற்குரிய பெயர்கள் எங்கிருந்து வந்தன? யார் யாரைக் கேட்டார்கள்? கேட்டபோது 'சரி' என்றவர் யார்? 'ஐயோ, நான் மாட்டேன்' என்று பின்வாங்கியவர் யார்? இவற்றை நாம் கேட்பதே இல்லை. தேர்தலின் உயிர் வாக்குப்பெட்டிக்குள் இல்லை, அதற்கு முன்னே நடக்கும் முன்மொழிவில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

நாட்டுத் தேர்தலைப் பற்றிப் பாடப் புத்தகமே விரிவாகச் சொல்கிறது. ஆகவே, தன்னார்வத்தோடு பலர் கூடி நடத்தும் ஒரு நிறுவனத்தைச் சான்றாக எடுத்துக்கொள்கிறோம். இன்று வீடுதோறும் புகுந்துவிட்ட இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் நிறுவனம் அது. தமிழில் அதை 'இணையப் பொறியியல் பணிக்குழு' என்று சொல்லலாம். ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு ஐ.இ.டி.எஃப். என்று அழைப்பர்.

அரசன் இல்லாத அரசு

இணையத்திற்கு அரசன் யார்? ஒரு நாட்டு அரசாங்கமா? ஒரு பெரிய நிறுவனமா? இரண்டும் அல்ல. சென்னையிலுள்ள ஒரு கணினி, பாரிஸிலுள்ள ஒரு கணினியோடு பேச வேண்டுமானால், இரண்டுக்கும் ஒரே இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும். செய்தியை எப்படித் துண்டுகளாகப் பிரிப்பது, முகவரியை எப்படி எழுதுவது, வழியில் தொலைந்த துண்டை எப்படி மீண்டும் கேட்டுப் பெறுவது என்பவையெல்லாம் அந்த இலக்கணத்தின் விதிகள். அவற்றில் பெரும்பகுதியை எழுதித் திருத்திக் காப்பவர்கள் ஐ.இ.டி.எஃப். அமைப்பினர்.

1986 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 21 பேர் கூடியதே இதன் முதற் கூட்டம். இன்று ஆண்டுக்கு மூன்று முறை உலகின் வெவ்வேறு நகரங்களில், ஆயிரத்துக்கும் அதிகமானோர் கூடுகின்றனர். வியப்பு என்னவென்றால், இதில் அங்கத்தினர் பட்டியல் என்று ஒன்றே கிடையாது. வேலை செய்ய வருகிறவர் எவரோ, அவரே பங்கேற்பாளர். அவர்கள் எதையும் வாக்கெடுத்து முடிவு செய்வதும் இல்லை. 1992ஆம் ஆண்டு டேவிட் கிளார்க் என்ற அறிஞர் இவர்களுடைய கூட்டத்தில் பேசும்போது, அரசர்களும் வேண்டாம், அதிபர்களும் வேண்டாம், வாக்கெடுப்பும் வேண்டாம், பெரும்பாலும் ஒத்த கருத்தும் ஓடிக் காட்டும் நிரலுமே போதும் என்ற பொருள்படச் சொன்னார். கூட்டத்தின் கருத்தை அறிய வேண்டுமானால், கையுயர்த்தச் சொல்லாமல், வாயை மூடியபடி 'ம்ம்' என்று ஒலியெழுப்பச் சொல்லும் வழக்கம்கூட அங்கே உண்டு. யார் எந்தப் பக்கம் என்று தனித்தனியே தெரியாது. மொத்தக் கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மட்டும் காதுக்குத் தெரியும்.

வாக்கே வேண்டாம் என்கிறவர்களுக்கும் தலைவர் வேண்டாமா? வேண்டும். துறைதோறும் பணியை மேற்பார்வையிட இயக்குநர்கள் வேண்டும்; நீண்ட நோக்கோடு சிந்திக்க ஒரு கட்டமைப்புக் குழு வேண்டும். அங்கத்தினர் பட்டியலே இல்லாத இடத்தில் வாக்காளர் யார்? கூட்டத்துக்கு வந்தவர்களெல்லாம் வாக்காளர் என்று வைத்தால், பணபலமுள்ள ஒரு கம்பெனி ஐந்நூறு ஊழியர்களை அனுப்பி வைத்துவிட்டால் கதி என்ன? எண்ணிக்கை நேர்மையாக நடந்திருக்கும். ஆனால் தேர்தல் விலைபோயிருக்கும்!

பெருமக்களே தவறினால்?

முதலில் இவர்களிடம் முறையான தெரிவு என்று ஒன்று இருக்கவில்லை. மூத்த அறிஞர்கள் சிலர் கட்டமைப்புக் குழுவில் இருந்தனர். புதியவர்களையும் அவர்களே சேர்த்துக்கொண்டனர். அவர்கள் நல்லவர்களே, இணையத்தை உருவாக்கியதில் பெரும் பங்கு கொண்டவர்களே. ஆயினும் 1992இல் ஒரு புயல் வீசியது. அப்போதிருந்த முகவரி முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளுக்குத்தான் இடம். அவை ஒருநாள் தீர்ந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. ஜூன் மாதம் ஜப்பானின் கோபே நகரில் கூடிய கட்டமைப்புக் குழு, வேறொரு நிறுவனம் வகுத்திருந்த முறையை அடிப்படையாகக் கொள்ளலாம் என்று கருத்துத் தெரிவித்தது. உழைக்கும் பொறியாளர்கள் கொதித்தெழுந்தனர். முறையின் குறை நிறைகள் ஒருபுறமிருக்க, 'எங்களைக் கேட்காமல் நீங்கள் யார் முடிவு செய்ய? உங்களைத் தேர்ந்தெடுத்தது யார்?' என்பதே அவர்களுடைய பெருங்கேள்வி.

அந்தக் கேள்விக்கு எவராலும் விடை சொல்ல இயலவில்லை. ஜூலையில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் கூடியபோது இதுவே பெரும் விவாதமாயிற்று. பின்னர் ஸ்டீவ் கிராக்கர் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. அதன் பயனாக, விதிகளுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் கட்டமைப்புக் குழுவிடமிருந்து துறை இயக்குநர்களின் குழுவுக்கு மாறியது. இரு குழுக்களின் இடங்களும் இரண்டாண்டுக் காலத்துக்கே உரியவை என்றும், ஆண்டுதோறும் பாதி இடங்களைத் தெரிவுக் குழு ஒன்று நிரப்பும் என்றும் ஏற்பாடாயிற்று. அறிவில் சிறந்தவர்களாயினும், கேட்டுத் தெரிந்தெடுக்கப்படாதவர்களின் சொல் அவையில் நில்லாது என்ற பாடத்தை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டனர்.

சீட்டு எடுக்கும் விந்தை

அந்தத் தெரிவுக் குழு அமையும் விதம் கேட்கக் கேட்கச் சுவையானது. வாக்குரிமை உள்ளவர்கள் 10 பேர். அவர்களை எவரும் நியமிப்பதில்லை. சீட்டு எடுத்தே தெரிந்தெடுக்கிறார்கள்! ஆனால், சீட்டில் பெயர் ஏற வேண்டுமானால் தகுதி வேண்டும். நெடுங்காலமாக இருந்த விதி, கடைசி 5 கூட்டங்களில் 3 கூட்டங்களுக்காவது வந்திருக்க வேண்டும் என்பது. ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்கள் இரண்டு பேருக்கு மேல் குழுவில் இருக்க முடியாது. பதவியில் இருக்கும் இயக்குநர்கள் குழுவில் சேர முடியாது. குழுவில் இருப்பவர் அந்த ஆண்டு தாம் நிரப்பும் பதவி எதற்கும் வர முடியாது. தேர்ந்தெடுப்பவர் தாமே தேர்வாகக் கூடாது என்பது எத்தனை எளிய விதி! பல சங்கங்களில் சண்டை மூள்வது இந்த ஒரு விதி இல்லாமையால் அன்றோ?

சீட்டைக் குலுக்குபவர் சூது செய்யமாட்டார் என்று எப்படி நம்புவது? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். முன்வந்தோர் பெயர்களை வரிசை எண்ணிட்டு முன்னதாகவே எல்லாரும் காண வெளியிடுகிறார்கள். 'இன்ன நாளில் குலுக்கப்படவிருக்கும் இன்ன லாட்டரியின் எண்களைக் கொண்டு கணக்கிடுவோம்' என்று, அந்த நாள் வருமுன்பே அறிவித்துவிடுகிறார்கள். நாள் வந்ததும் அந்த எண்களை ஒரு கணித சூத்திரத்தில் இட்டால் பத்துப் பெயர்கள் கிடைக்கும். அந்தச் சூத்திரமும் ஒளிவு மறைவில்லாதது. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் தம் வீட்டிலேயே அதே கணக்கைப் போட்டு, அதே பத்துப் பெயர்கள் வருகின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். லாட்டரிச் சீட்டு வாங்கக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சரியே. ஆனால், அதனாலும் உலகத்திற்கு ஒரு நன்மை உண்டு என்பதை இங்கேதான் கண்டோம்!

சீட்டு முறை நமக்கு அந்நியமன்று. யூதாசின் இடத்திற்கு மத்தியாசைத் தெரிந்தெடுத்தபோது அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டார்கள் என்பதைத் திருத்தூதர் பணிகளில் படித்திருக்கிறோம். உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலையையும் வரலாற்று வகுப்பில் படித்திருக்கிறோம். இவ்விரு இடங்களிலும் சீட்டுக்கு முன்னே தகுதி பார்க்கப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. ஐ.இ.டி.எஃப். முறையில் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே சீட்டினால் வருபவர் தலைவரல்லர், தலைவரைத் தேடுபவர். தேடுபவர் யாராகவும் இருக்கலாம். ஆனால் தேடப்படுபவர் தக்காராக இருக்க வேண்டும். ஆதலால் முன்னதைச் சீட்டுக்கும், பின்னதை ஆராய்ச்சிக்கும் விட்டார்கள். இதுவே அம்முறையின் நுட்பம்.

தேடுவதும் கேட்பதும்

பத்துப் பேரும் கூடியபின் உண்மையான வேலை தொடங்குகிறது. யாரும் யாரையும் முன்மொழியலாம்; தம் பெயரைத் தாமே தரவும் தடையில்லை. முன்மொழியப்பட்டவரிடம் 'சம்மதமா?' என்று கேட்பார்கள். சம்மதித்தவருக்குக் கேள்விகள் போகும். அவரோடு பழகியவர்களிடம் கருத்துக் கேட்பார்கள். 'அறிவாளிதான், ஆனால் பிறர் பேச விடமாட்டார்' என்று ஒருவர் எழுதலாம். 'அமைதியானவர், ஆனால் எடுத்த காரியத்தை முடிக்காமல் விடமாட்டார்' என்று இன்னொருவர் எழுதலாம். எழுதியவர் யார் என்பது வெளியே போகாது. நேர்காணலும் உண்டு. இறுதியில் குழு தெரிந்தெடுத்த பெயர்களை வேறொரு குழு ஆராய்ந்து ஒப்புதல் தர வேண்டும்.

நம் அருட்சகோதரியர் இதைப் படித்துப் புன்முறுவல் பூக்கக்கூடும். துறவற சபைகளில் தலைவியரைத் தேர்ந்தெடுக்கையில் எவரும் தமக்கோ பிறர்க்கோ வாக்குத் திரட்டக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம் அல்லவா? ஆரவாரமின்றி ஆராய்ந்து தெளிவது அவர்களுக்குப் பழகிய வழி.

இரகசியம் எவ்வளவு நல்லதோ அவ்வளவு ஆபத்தும் உடையது. முன்பு, போட்டியிடச் சம்மதித்தவர் யார் யார் என்பதே இரகசியமாக இருந்தது. கருத்துக் கேட்பதற்காகச் சிலருக்குப் பட்டியல் அனுப்பும்போது, உண்மைப் பெயர்கள் தெரிந்துவிடாமலிருக்கப் போட்டியிடாதவர்களின் பெயர்களையும் கலந்து அனுப்பினார்கள். நேர்மைக்காக ஏற்பட்ட இரகசியம், சிறு பாசாங்கில் வந்து முடிந்தது! 2009இல் விதியைத் திருத்தினார்கள். அதுமுதல் சம்மதித்தோர் பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். அவர்களைப் பற்றிப் பிறர் சொன்னவை மட்டும் இரகசியம். எது திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்று பிரித்தறிந்த இத்திருத்தத்தை நாங்கள் பெரிதும் மெச்சுகிறோம். பதவிக்கு வந்தவர் தவறினால் அவரைத் திரும்ப அழைக்கவும் வழி உண்டு. அதற்கென அமையும் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் இசைய வேண்டும். ஏற்றும் ஏணியே இறக்கவும் வேண்டுமல்லவா?

உலகமே வாக்களித்த கதை

'இதெல்லாம் சுற்றி வளைப்பது. எல்லாருக்கும் வாக்கு கொடுத்துவிட்டால் தீர்ந்தது' என்று சிலர் வாதிடலாம். அதையும் ஒரு நிறுவனம் செய்து பார்த்தது. இணையப் பெயர்களையும் முகவரிகளையும் ஒழுங்குபடுத்தும் பொறுப்பு முன்பு பெரும்பாலும் ஜான் போஸ்டல் என்ற ஒரே மனிதரின் நாணயத்தை நம்பி இருந்தது. அவர் 1998 அக்டோபரில் மறைந்தார். அதே ஆண்டு தோன்றிய 'ஐகான்' என்ற நிறுவனம் அப்பொறுப்பை ஏற்றது. 2000ஆம் ஆண்டில் அது, 16 வயது நிரம்பிய எவரும் பதிவு செய்துகொண்டு வாக்களிக்கலாம் என்று அறிவித்து, ஐந்து நிலப்பகுதிகளிலிருந்து ஐந்து இயக்குநர்களைக் கணினி வழித் தேர்தலில் தேர்ந்தெடுத்தது. ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் பதிவு செய்தார்கள். வாக்களித்தவர்களோ ஏறத்தாழ 34 ஆயிரம். சில நாடுகளில் பத்திரிகைகளும் கம்பெனிகளும் ஆள் திரட்டின. ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்கும் பதிவான வாக்குகள் இருநூறைக்கூட எட்டவில்லை.

2002இல் ஐகான் தன் அமைப்பு விதிகளை மாற்றியபோது அத்தகைய உலகத் தேர்தலைக் கைவிட்டது. நிர்வாகக் குழுவின் எட்டு இடங்களை நிரப்பத் தெரிவுக் குழு ஒன்றை ஏற்படுத்தியது. ஆனால், அக்குழுவினர் சீட்டினால் வருபவர்கள் அல்லர். பல பிரிவுகள் அனுப்பும் பிரதிநிதிகள். குழுவின் தலைவரை நிர்வாகக் குழுவே நியமிக்கிறது. எந்த நிர்வாகக் குழுவின் இடங்களை நிரப்ப வேண்டுமோ, அந்த நிர்வாகக் குழுவே தேடுவோரின் தலைவரை நியமிப்பது எங்களுக்கு உகந்ததாகப் படவில்லை. எல்லாருக்கும் வாக்கு என்ற வழி தோற்றது உண்மை. அதற்காக எட்டி நின்று பார்ப்பவர்களின் நம்பிக்கையையும் கைவிட வேண்டுமா? சீட்டு முறையின் சிறப்பை அங்கும் கொண்டு வரலாம் என்பது எங்கள் எண்ணம்.

இதெல்லாம் எங்கோ நடப்பது, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. இணைய முகவரிகளை ஆங்கிலமல்லாத எழுத்துகளிலும் எழுதலாம் என்ற விதியை ஐ.இ.டி.எஃப். வகுத்தது. ஐகான் ஒப்புதல் தந்தது. அதன்பின் 2010, 2011 ஆண்டுகளில் இலங்கை, சிங்கப்பூர், இந்தியா என்னும் நாட்டுப் பெயர்கள் தமிழ் எழுத்திலேயே இணைய முகவரியின் ஈற்றில் இடம் பெற்றன. நாம் பெயரறியாத யாரோ சிலர், நாம் பார்த்திராத ஒரு முறையால் தெரிந்தெடுக்கப்பட்டு, நம் மொழிக்குக் கதவு திறந்தார்கள். அவர்கள் எப்படித் தெரிந்தெடுக்கப்படுகிறார்கள் என்று அறிவது நமக்கும் கடமையன்றோ?

பந்திக்கு முந்துவோர் பலர்

இந்த முறையிலும் குறைகள் உண்டு. பதவிக்கு அந்த நிறுவனம் சம்பளம் தருவதில்லை, வேலையோ மலைபோல். தாம் பணிபுரியும் நிறுவனம் நேரமும் பயணச் செலவும் தந்தால்தான் ஒருவர் பதவி ஏற்க முடியும். ஆகவே பெரிய கம்பெனிகளின் ஆட்களே மிகுதியாக வருகிறார்கள். வசதி குறைந்த நாட்டினர் குறைவாகவே வருகிறார்கள். 2020இல் கொரோனா நோய் பரவியபோது கூட்டங்களைக் கணினி வழியாக நடத்த நேர்ந்தது. தீமையிலும் ஒரு நன்மை விளைந்தது. தொலைவிலிருந்து கலந்துகொள்பவரும் வந்தவராகவே கணக்கில் சேர்வார் என்று 2023இல் விதி அமைந்தது. வாசல் சற்று அகன்றிருக்கிறது.

மற்றொரு குறை, முன்வருவோர் போதாமை. ஒரு பதவிக்குச் சம்மதிப்பவர் ஒருவரே என்றால், பத்துப் பேர் கூடி எதைத் தேர்ந்தெடுப்பது? 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்ற பழமொழி வேடிக்கைக்குத்தான் நன்று. எல்லாரும் படைக்குப் பிந்தினால், பதவியை விரும்பித் துரத்துகிறவர் மட்டுமே மிஞ்சுவார்.

தோழியரே, இதை நாம் நம்மைப் பார்த்தே சொல்லிக்கொள்ள வேண்டும். ஐ.இ.டி.எஃப். தொடங்கியது 1986இல். அதன் தலைமைப் பதவிக்கு முதன்முதலாக ஒரு பெண், அலிசா கூப்பர், வந்தது 2017இல். இடையே 31 ஆண்டுகள்! தகுதியுள்ள பெண்கள் இல்லை என்பதா காரணம்? லெஸ்லி டெய்கிள் என்ற பெண்மணி 2002 முதல் 2007 வரை கட்டமைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஐகான் தோன்றியபோது அதன் நிர்வாகக் குழுவின் முதல் தலைவராக இருந்தவர் எஸ்தர் டைசன் என்ற பெண்மணி. 2022இல் திரிப்தி சின்ஹா அப்பொறுப்புக்கு வந்தார். திறமைக்குப் பஞ்சமில்லை. பட்டியலில் பெயர் இல்லாத பெண்ணை எந்தச் சீட்டாலும், எந்த வாக்காலும் தேர்ந்தெடுக்க முடியாது என்பதே உண்மை.

நம்மிடையே நடப்பது என்ன? ஒரு பொறுப்புக்குப் பெயர் கேட்டால், தலையைக் குனிந்துகொண்டு பக்கத்திலிருப்பவளைக் கிள்ளுகிறோம். 'நீயே சொல்லிக்கொண்டால் கர்வம் என்பார்கள்' என்று பயப்படுகிறோம். பிறகு, நன்றாகப் பாடுகிறவள், நன்றாக உடுத்துகிறவள், நம் தெருக்காரி என்று பார்த்து வாக்களிக்கிறோம். ஆண்டு முழுவதும் அவளைக் குறை சொல்கிறோம். அடக்கம் அழகுதான். ஆனால் செய்யத் தெரிந்த பணியைச் செய்யமாட்டேன் என்பது அடக்கமா? அது பொறுப்பைப் பிறர் தோளில் ஏற்றிவிட்டு, பெயரை மட்டும் காத்துக்கொள்வது. பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: 'உனக்கேன் ஊர் வம்பு, படிப்பைப் பார்' என்று சொல்லுமுன் ஒரு கணம் சிந்தியுங்கள். உங்கள் மகள் இன்று விளையாட்டுக் கழகத்தின் கணக்கை எழுதப் பழகினால், நாளை உலகத்தின் கணக்கை எழுதத் தயங்கமாட்டாள்.

ஆகவே எங்கள் கருத்தைத் தொகுத்துச் சொல்கிறோம். சங்கமோ மன்றமோ எதுவாயினும், தலைவரைத் தேடும் பொறுப்பு, தலைமையை விரும்பாதவர்களிடம் இருக்க வேண்டும். சம்மதித்தோர் பெயர்கள் எல்லாருக்கும் தெரிய வேண்டும். அவர்களைப் பற்றி அஞ்சாமல் கருத்துச் சொல்ல வழி வேண்டும். பதவிக்குக் கால எல்லையும், தவறினால் திரும்ப அழைக்கும் விதியும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தக்கவரைக் கேட்கும்போது அவர் 'சரி' என்று சொல்லும் துணிவு வேண்டும். முதல் நான்கையும் விதியாக எழுதிவிடலாம். ஐந்தாவதை எந்த விதியாலும் எழுத முடியாது. அது நம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் எழ வேண்டும். அடுத்த முறை நம் பெயரை ஒருத்தி சொல்லும்போது, தலை குனியாமல் எழுந்து நிற்போமா?

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர்